காலண்டரில் நான்கு நாள்

"மெயின் வால்வைத் திறந்துடாதீங்க வாப்பா. அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு என் மகன் உமைர் கீழே போனான். சமையலறைக் குழாய் இரண்டு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரல் பத்தொன்பது, சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தேய்ந்த வாஷரைக் கழற்றி, அளவு காட்டுவதற்காக அதையே கையில் எடுத்துக்கொண்டான். எங்கள் வீடு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் பதினொன்றாவது மாடி. ஹார்ட்வேர் கடை மூன்று புளோக் தள்ளி இருக்கிறது.

பத்தே முக்காலுக்கு என் மருமகள் முனீராவின் கைப்பேசி அடித்தது. கடை வாசலிலேயே விழுந்துவிட்டான். நெஞ்சு. ஆம்புலன்ஸ் வந்தபோதே உயிர் இல்லை என்று பிறகு சொன்னார்கள். முப்பத்தைந்து வயது. மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சுவா சூ காங்கில் அடக்கம் செய்தோம்.

சனிக்கிழமை மாலை வீடு கொள்ளாத கூட்டம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யப் போனவர்களெல்லாம் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. ஏன் தண்ணீர் வரவில்லை என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இரவு முனீராவின் அண்ணன் ஃபாரூக்தான் கண்டுபிடித்து வால்வைத் திறந்தார்.

எனக்கு அறுபத்தேழு வயது. லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் ஜாஃபர் என்பவருடைய மளிகைக் கடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதன்பின்பும் வாரத்தில் நான்கு நாள் காலையில் போய்க்கொண்டிருந்தேன். மல்லி, மிளகாய், சோம்பு வறுத்து, சாப்பாட்டுக் கடைகள் கேட்கும் அளவில் மசாலா கலந்து கொடுப்பது என் வேலை. உமைர் போன மூன்றாம் வாரத்தில் மறுபடி போக ஆரம்பித்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. கடையிலும் உட்கார முடியவில்லை. ரயிலில் நியூட்டனில் மாற வேண்டியவன் ஆர்ச்சர்ட் போய் இறங்குவேன். ஒரு நாள் மீன் மசாலாவில் வெந்தயத்தை இரண்டு தடவை போட்டுவிட்டேன். ஜாஃபர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரவூப் பாய், இது கறிக்கா, வயித்து வலிக்கா?" என்றார். பத்து கிலோவையும் தனியாக எடுத்து வைத்தார்.

முனீராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. தடுப்பூசியும் மருந்தும் குளிர் குறையாமல் விமானத்தில் அனுப்புகிற ஒரு கம்பெனியில் வேலை. சாங்கியில் சரக்குப் பகுதியில் அலுவலகம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெப்பத்தைப் பதிவு செய்கிற சின்னக் கருவி ஒன்று இருக்கும். இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஒன்பதைத் தொட்டுவிட்டால், மறுபடி குளிர வைத்தாலும் அந்தப் பெட்டி போகாது. அப்படி ஒன்று நடந்தால் யார் தப்பு என்று முதலில் கேட்க மாட்டார்கள், எத்தனை மணிக்கு நடந்தது என்றுதான் கேட்பார்கள். இதையெல்லாம் சாப்பிடும்போது அவள்தான் சொல்வாள். உமைர் அவளுடைய பேச்சை நிறுத்தி, "வாப்பா, ஆணம் சூடு ஆறிப்போச்சு, ரிப்போர்ட் எழுதப் போறா" என்பான். எங்கள் வீட்டில் குழம்புக்கு ஆணம் என்றுதான் பெயர்.

அவள் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது இருவரும் சேர்ந்து வைத்திருந்த ஆசை. ஹாங்காங்கில் பெரிய பெயருள்ள ஒரு கல்லூரியில் பதினான்கு மாத முழுநேரப் படிப்புக்கு இடம் கிடைத்தது. பாதிக் கட்டணம் அவர்களே தள்ளுபடி செய்தார்கள். போன வருடமே போயிருக்க வேண்டியது. என் மனைவி சம்சுன்னிசாவுக்கு முழங்கால் ஆப்பரேஷன் வந்ததால் ஒரு வருடம் தள்ளி வைத்தாள். ஒரு தடவைதான் தள்ளலாம் என்று கல்லூரியின் விதி. அவள் ஹாங்காங்கில் இருக்கும்போது உமைர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பிள்ளைக்கு அனம் என்று பெயர், அப்போது நான்கு வயது.

இன்னொரு வழியும் இருந்தது. அவளுடைய கம்பெனியே இங்குள்ள பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிக்க வைக்கும். வாரத்தில் இரண்டு மாலை, சனிக்கிழமை முழுவதும், இரண்டு வருடம். வேலையை விட வேண்டாம், ஒரு வெள்ளிப் பணம் செலவில்லை. முடித்தபின் மூன்று வருடம் அங்கேயே வேலை பார்ப்பதாக பாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். உமைர் இருந்தவரை இந்தக் கடிதத்தை அவள் பிரித்துக்கூடப் படிக்கவில்லை.

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, நறுமணம் இல்லை, தேவை இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போவது இல்லை. அடக்கம் முடிந்து வந்த இரவு, சம்சு அடுக்களைச் சுவரிலிருந்த காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஏப்ரல் பத்தொன்பதிலிருந்து எண்ணினாள். நான்கு தாளைப் புரட்டி ஆகஸ்ட் பத்தொன்பது. அதிலிருந்து பத்து. இருபத்தொன்பதாம் தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். அதன்பின் தினமும் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்தத் தேதியின் மேல் ஒரு கோடு கிழிப்பாள். வந்து போன பெண்களிடமெல்லாம் ஆகஸ்ட் இருபத்தொன்பது என்றே சொன்னாள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

முனீரா வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கம்பெனி அனுமதித்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் ஆங்கிலத்தில் பேசுகிற குரல் கேட்கும். டிகிரி, விமான எண், மறுபடி டிகிரி. குரலில் ஒரு வித்தியாசமும் இருக்காது. பேசி முடித்துவிட்டு வெளியே வந்து, ஜன்னல் பக்கம் நின்று பாலத்தைப் பார்ப்பாள். எங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தால் அக்கரையில் இருக்கிற ஜோகூருக்குப் போகிற வண்டி வரிசை தெரியும். மூன்று நிமிடம் நிற்பாள், நாற்காலியில் உட்காருவாள், உடனே எழுந்துவிடுவாள். நானும் அப்படித்தான். கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து உட்கார்ந்துகொண்டிருப்போம். அனம் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தானும் எழுந்து எழுந்து உட்காருவாள்.

கல்லூரியில் ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி காலை பதினோரு மணிக்குள் நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் அவள் நடந்ததை எல்லாம் எழுதி, முப்பதாம் தேதி வர அனுமதி கேட்டாள். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. இருபத்தேழுக்கு வராதவர்களுடைய இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் இருந்தது. இரவுச் சாப்பாட்டில் இதை அவள் சொன்னபோது சம்சு, "மூணு நாள் பிந்தி வந்தா அவனுங்க கட்டடம் என்ன கரைஞ்சா போயிரும்?" என்றாள். முனீரா ரொட்டியைப் பிய்த்து அனமின் வாயில் கொடுத்துக்கொண்டே, "கட்டடம் கரையாது மாமி, நான்தான் கரைவேன்" என்றாள். அவள் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி நாங்கள் கேட்டது அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு ஃபாரூக் சிராங்கூனிலிருந்து வந்தார். தங்கை மேல் உயிர். மார்க்கம் தெரிந்த ஒரு உஸ்தாதைக் கேட்டுப் பார்க்கலாம், அவசியம் என்றால் முன்னாலேயே போகலாம் என்று சொல்வார்கள், தானே கேட்டு வருகிறேன் என்றார்.

"கேட்டா சொல்லுவாங்க காக்கா. நீங்க கேக்க வேணாம்" என்று அண்ணனிடம் சொன்னாள் முனீரா.

"ஏன் வேணாம்? மூணு நாளுக்காக ஒரு லைஃபையே விடுவியா?"

"அவருக்குன்னு நான் செய்றதுக்கு இப்ப வேற என்ன இருக்கு, சொல்லுங்க. சோறாக்கிப் போட முடியுமா? சட்டை தேச்சுக் குடுக்க முடியுமா? இது ஒண்ணுதான் இருக்கு. இதுல போய்ச் சலுகை கேக்க மாட்டேன்."

ஃபாரூக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது லிஃப்ட் வாசலில் என்னிடம், "நீங்களாவது சொல்லுங்க மாமா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மே பதினாறு வெள்ளிக்கிழமை. கடையிலிருந்து சிராங்கூன் ரோட்டுப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தொழப் போனேன். கொட்டி முடித்த மழை, தரையெல்லாம் ஆவி. தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் தன் அக்காவின் இத்தாவைப் பற்றி மௌலவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மௌலவி சொன்னது இது: "இங்கிலீஷ் மாசம் இல்ல பாய். பிறையைப் பாத்துக் கணக்குப் பண்ணணும். மூணு நாலு நாள் முன்னாடியே முடிஞ்சுரும். உங்க தேதியைச் சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்."

சின்ன வயதில் ஊரில் ஓதும்போதே கேட்ட விஷயம். மறந்திருந்தேன். கடைக்குத் திரும்பாமல் வீட்டுக்கு வந்தேன். அடுக்களைக் காலண்டர் எங்கள் கடைக் காலண்டர்தான். ஒவ்வொரு தேதிக்கும் கீழே, மூலையில், எறும்பு அளவில் பிறைத் தேதியும் அச்சிட்டிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணினேன். ஆகஸ்ட் இருபத்தைந்து மஃரிபோடு முடிகிறது. இருபத்தாறு விமானம் ஏறினால் இருபத்தேழு காலையில் கல்லூரி வாசலில் நிற்கலாம்.

உடனே சொல்லத்தான் அவள் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. ஹாங்காங்கில் இருக்கிற, சின்னம்மா முறையான அவளுடைய சாச்சியோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். சாச்சியின் வீட்டார் ரத்தினக் கல் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். "அனமுக்கு இங்க நல்ல ஸ்கூல் இருக்கு முனீரா. காலைல விட்டுட்டு மத்தியானம் நானே கூட்டிட்டு வந்துருவேன். உனக்கென்ன கவலை?" என்றது அந்தக் குரல். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அனம் கூடத்தில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். உமைருடைய புருவம் அவளுக்கு. கோபம் வந்தால் அதே மாதிரி இடது புருவம் மட்டும் ஏறும். வெள்ளிக்கிழமை தவிர தினமும் மத்தியானம் கீழே பாலர் பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிவருவது நான். வரும் வழியில் கோப்பிக் கடையில் பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ எனக்கு, தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ஒரு காயா ரொட்டி அவளுக்கு. என் விரலில் ஒட்டியிருக்கிற மல்லி வாசத்தை மோந்து பார்த்து, "இன்னைக்குச் சோம்பு" என்று தப்பாகச் சொல்வாள். நாளைக்குச் சொல்லலாம் என்று அன்று இரவு நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். இப்படி எழுபத்தைந்து நாள் போனது.

அந்த நாட்களில் நான் இருந்த இருப்பை எழுத வெட்கமாக இருக்கிறது. சம்சு காலண்டரில் கோடு போடும்போது எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். பள்ளிவாசலில் அந்த மௌலவியின் கண்ணில் படாமல் பின் வரிசையில் நின்று தொழுதேன். வேலை இல்லாத நாளிலும் காலையில் கிளம்பி ரயிலில் ஏறி, உட்லண்ட்ஸிலிருந்து மரினா பே வரை போய், அதே வண்டியில் திரும்பி வருவேன். ஜாஃபர் ஒரு நாள், "பாய், வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். மகன் செத்து மூன்று மாதம் ஆகாதவன் சொல்கிற பதிலா இது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஜூலையில் நிரஞ்சனா வந்தாள். முனீராவின் மேலதிகாரி. அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கை நிறையப் பழப் பையும் ஒரு கோப்பும். சம்சு அவளுக்கு நெய்ச்சோறும் ஆட்டு ஆணமும் போட்டாள். வெள்ளிக்கிழமை மாமிசம் சாப்பிடுவதில்லை என்று சொன்னவள், வாசத்தில் தயங்கி, "இன்னைக்கு வியாழன்தானே மாமி?" என்றாள். அன்று வியாழன்தான். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள்.

"நான் பிரஷர் பண்ண வரல லா. உனக்கு ஹாங்காங்தான் வேணும்னு எனக்குத் தெரியாதா? ஆனா அது இல்லன்னு ஆயிட்டா இதையும் விட்டுடாத. எச்ஆர்ல ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் ஹோல்ட் பண்ணி வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது. அந்தப் பக்கம் ரெண்டு பேர் வாயைத் தொறந்துட்டு நிக்கிறானுங்க."

"அஞ்சு வருஷம் க்கா" என்றாள் முனீரா. "ரெண்டு வருஷம் படிப்பு, மூணு வருஷம் பாண்ட். அஞ்சு வருஷம் கழிச்சும் நான் அதே வேர்ஹவுஸ்ல டிகிரி எண்ணிட்டு இருப்பேன்."

"நான் பதினாறு வருஷமா எண்ணுறேன். செத்தா போயிட்டேன்?"

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டாள். முனீராதான் அவளுடைய தட்டில் இன்னொரு கரண்டி ஆணம் ஊற்றி, "சாப்பிடுங்க க்கா, ஆறிடும்" என்றாள். நிரஞ்சனா போனபின் முனீரா அந்தக் கோப்பை மடிமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ஹாங்காங்குக்குப் போக முடியாது என்பதை அவள் மனத்துக்குள் முடித்துவிட்டாள் என்று தெரிந்தது. நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். அன்று இரவு அடுக்களையில் தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமலே திரும்பி வந்தேன்.

ஜூலை முப்பதாம் தேதி மத்தியானம். வானம் இருட்டிக்கொண்டு மழை. சம்சு மருந்து வாங்கப் பாலிகிளினிக் போயிருந்தாள். அனம் தூங்கினாள். முனீரா கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் விரித்தாள். பாண்டுக்கு இரண்டு ஜாமீன் வேண்டும். ஒரு இடத்தில் ஃபாரூக் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இங்க ஒரு சைன் வேணும் மாமா. தேதியை நான் போட்டுக்கறேன்."

பேனாவை எடுத்தேன். "உனக்கு இது போதுமாம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"போதும்னு சொல்லிப் பழகிட்டு இருக்கேன். இன்னும் ரெண்டு வாரத்துல வந்துரும்."

மழையில் பாலம் தெரியவில்லை. காகிதத்தில் என் பெயர் எழுத வேண்டிய கோட்டுக்குக் கீழே எனக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அவளே அதை நிரப்பி வைத்திருந்தாள், மாமனார் என்று போடாமல் ஆங்கிலத்தில் தகப்பனார் என்று. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"இத்தா இருபத்தொம்பது இல்ல முனீரா. இருபத்தஞ்சு. பிறைக் கணக்குதான் கணக்கு. மாமி இங்கிலீஷ் தேதியைப் பாத்து எண்ணிட்டா."

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து அடுக்களைக்குப் போனாள். காலண்டர் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. நான் போய் வாசலில் நின்றேன். மூலையிலிருந்த சின்ன எண்களில் விரல் நுனியை வைத்து, ஒன்று ஒன்றாக நகர்த்திக்கொண்டே போனாள். முடிவுக்கு வந்ததும் மறுபடி தொடக்கத்துக்குப் போய் இன்னொரு தடவை எண்ணினாள்.

"எப்பத் தெரியும் மாமா?" முகத்தைத் திருப்பாமல்தான் கேட்டாள்.

"மே மாசம்."

"மே மாசம் என்ன தேதி?"

"பதினாறு."

"வெள்ளிக்கிழமை."

"ஆமா. ஜும்ஆ முடிஞ்சு."

"நான் சாச்சிகிட்டப் பேசிட்டு இருந்தேன் அன்னைக்கு."

"கேட்டேன்மா. அனமை அங்க ஸ்கூல்ல போடறதப் பத்தி அவங்க சொன்னாங்க."

அவள் இப்போது திரும்பினாள். கண்ணில் நீர் இல்லை. "நான் என்ன பதில் சொன்னேன்னு நீங்க கேக்கல."

"இல்ல."

"வேணாம்னு சொன்னேன். அனமை அவ தாத்தாகிட்டயும் மாமிகிட்டயும் விட்டுட்டு வர்றேன் சாச்சி, அவங்களுக்கு இப்ப அவதான் இருக்கான்னு சொன்னேன். இன்னும் ரெண்டு அடி எடுத்து வச்சிருந்தா உங்களுக்கே கேட்டிருக்கும்."

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்தேன். அன்று எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சம்சு நனைந்த குடையோடு வந்ததும் அவளிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மருந்துப் பையிலிருந்த மாத்திரைகளை எடுத்து டப்பாவில் அடுக்கினாள். முடித்துவிட்டு, "நாலு நாள் கூட இருந்துட்டா என்ன? என் மவனுக்கு அதுகூடக் கெடையாதா?" என்றாள். டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, "நான்தான் தப்பா எண்ணினேன். எனக்குத் தெரியாது. நீங்க தெரிஞ்சே இருந்திருக்கீங்க" என்றாள்.

நான் அவளுடைய நனைந்த குடையை விரித்துப் பால்கனியில் வைத்தேன்.

"சொல்றதா இருந்தா மே மாசமே சொல்லிருக்கணும். மறைக்கிறதா இருந்தா மண்ணுக்குள்ள கொண்டு போயிருக்கணும். ரெண்டும் இல்லாம இது என்னங்க வேல?"

அவளே பள்ளிவாசலுக்குப் போன் செய்து, இறந்த தேதியைச் சொல்லிக் கேட்டாள். இருபத்தைந்து என்றார்கள். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, இருபத்தொன்பதைச் சுற்றியிருந்த வட்டத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, இருபத்தைந்தில் புதிதாக வட்டம் போட்டாள். முனீராவின் கதவைத் தட்டி, கதவுக்கு வெளியே நின்றபடியே தேதியை மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை முனீரா நிரஞ்சனாவைக் கூப்பிட்டு, கையெழுத்தாகாத கோப்பைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னாள். அந்தப் பக்கம் நிரஞ்சனா ஏதோ கத்தினாள். முனீரா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "நீ போடி. உன் சேர் நல்லா இருக்கு, நானே எடுத்துக்கறேன்" என்பது என் காதிலும் விழுந்தது. மதியத்துக்குள் ஹாங்காங்குக்கு எழுதினாள். விமானம் இருபத்தாறு காலைக்கு என்று முடிவானது.

மூன்று நாள் கழித்து என்னிடம் வந்தாள். நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மூங்கில் கழியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனமின் சின்னச் சட்டைகள்தான் அதிகம்.

"அனமைக் கூட்டிட்டுப் போறேன் மாமா."

"சரிம்மா."

"கோபத்துல சொல்லல."

"தெரியும்."

"நீங்க அவளை நல்லாப் பாத்துப்பீங்க. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல." கழியை மேலே தூக்கிக் குழியில் செருக எனக்கு உதவினாள். "ஆனா பதினாலு மாசம். நான் அங்க இருக்கும்போது இங்க அவளுக்கு ஒண்ணுன்னா, எனக்கு அன்னைக்கே தெரியணும். பயந்துக்கிட்டு ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்ற வீட்ல விட்டுட்டு என்னால படிக்க முடியாது."

ஈரத் துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் கீழே பத்தாவது மாடிக்காரர் துணியில் விழுந்தது. அவர் எட்டிப் பார்த்து மலாயில் ஏதோ முணுமுணுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டோம்.

ஆகஸ்ட் வேகமாகப் போனது. பாஸ்போர்ட், ஊசி, பாலர் பள்ளிக்குக் கடிதம், பெட்டி. சம்சு என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். முனீரா எப்போதும்போலப் பேசினாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இருபத்தைந்தாம் தேதி மஃரிபுக்குப் பிறகு அவள் குளித்துவிட்டுப் பச்சை நிறச் சல்வார் போட்டுக்கொண்டு வந்தாள். சம்சு அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தலையைச் சீவி விட்டாள். இருவரும் அப்போது அழுதார்கள். அந்த நான்கு மாதத்தில் இருவரும் சேர்ந்து அழுது அன்றுதான் பார்த்தேன்.

விமான நிலையத்தில் அனம் தன் பெட்டியைத் தானே இழுப்பேன் என்று அடம்பிடித்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபின் என் விரலை மோந்து பார்க்கவில்லையே என்று ஞாபகம் வந்து திரும்பி ஓடி வந்தாள். காவலர் விடவில்லை. முனீரா அவளைத் தூக்கிக்கொண்டாள். முனீரா என் பக்கம் கை அசைத்தாள். ஃபாரூக்தான் எங்களைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் நாங்கள் மூவரும் சாலை நெரிசலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு வந்தோம்.

இருபத்தேழாம் தேதி காலை பத்தே காலுக்கு அவளிடமிருந்து படம் வந்தது. கழுத்தில் மாணவி அட்டை. அந்த வருடம் அந்த வகுப்பில் தமிழ்ப் பெண் அவள் ஒருத்தி என்று பிறகு சொன்னாள். நாள் தவறாமல் பேசுகிறாள். அனம் இப்போது சீன மொழியில் பத்து வரை எண்ணுகிறாள். என்னிடம் பேசும்போது அவளுடைய பள்ளியைப் பற்றிச் சொல்வாள், பிறகு போன் சம்சுவுக்குப் போய்விடும்.

நான் இப்போது வாரத்தில் ஆறு நாள், மாலை வரை, கடைக்குப் போகிறேன். செப்டம்பரில் ஒரு நாள் சம்சு, தானாகவே என்னைக் கூப்பிட்டு, கூடத்துக்கு இன்னொரு கடிகாரம் வாங்கி வரச் சொன்னாள். அனம் தூங்கும் நேரம், எழும் நேரம் பார்த்துப் போன் செய்ய வேண்டுமாம். அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே கடை முடிந்ததும் சந்தர் ரோட்டில் ஒரு கடிகாரக் கடைக்குப் போனேன். வட்டமாக, வெள்ளை முகத்தோடு ஒன்றைப் பார்த்து எடுத்தேன். கடைக்காரர் மின்கலத்தைப் போட்டுக்கொண்டே, எந்த ஊர் நேரம் வைக்க வேண்டும் என்று கேட்டார். ஹாங்காங் என்றேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளை ஏழு மணிக்குத் திருப்பி வைத்து என்னிடம் கொடுத்தார். சிங்கப்பூரிலும் அப்போது மணி ஏழு.